ஆண்டறிக்கை: வியாழக்கிழமைக் கூட்டத்தை ஏன் நிறுத்தினோம்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், இன்று முதல் தடவையாக வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் தலைமை தாங்கினார் என்றுதான் ஆண்டறிக்கையை வழக்கமாகத் தொடங்குவோம். இந்தத் தடவை அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் சங்கம் எடுத்த பெரிய முடிவு, பல வருடமாக நடத்திவந்த வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தியது. சிலருக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது, அதனால் காரணத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சிறையிலிருந்து விடுதலையான இளைஞர்களை ஒரே அறையில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டால், ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்று நினைத்துத்தான் அதை ஆரம்பித்தோம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வாரம் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வேலைக்கு நேர்காணல் போய்வந்த கதையைச் சொன்னார், யாரும் முகம் கொடுத்துக் கேட்கவில்லை. அடுத்தவர், பூட்டை உடைத்து உள்ளே போன வீட்டில் ஆள் விழித்துக்கொண்டபோது எப்படித் தப்பினேன் என்று ஆரம்பித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. முதல் கேஸிலேயே உள்ளே போய் வந்திருந்த ஒரு தம்பி, அதுவரை கதவோரம் தனியாக இருந்தவர், நாற்காலியை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். கிளம்பும்போது இரண்டு பேரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பார்த்த அதே காட்சியை தாமஸ் டிஷன் என்ற உளவியல் அறிஞர் பல வருடம் முன்பே வீடியோவில் பதிவு செய்து எண்ணிப் பார்த்திருக்கிறார்: இரண்டு பையன்கள் பேசும்போது விதி மீறிய பேச்சுக்குச் சிரிப்பும், சாதாரணப் பேச்சுக்கு மௌனமும் கிடைத்தால், பின்னாளில் வம்பில் மாட்டுவது அதிகமாகிறது. தப்பு செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை, சிரித்தாலே போதும். அமெரிக்காவில் 1939-இல் தொடங்கி 1945 வரை, கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்ப் பையன்களுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் என்று நிறைய செய்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது வருடம் கழித்து அவர்களைத் தேடிப்போய், உதவி கிடைக்காத பையன்களோடு ஒப்பிட்டார். உதவி கிடைத்தவர்கள் பல விதத்தில் மோசமாக இருந்தார்கள். பின்னால் டிஷனும் மெக்கார்டும் சேர்ந்து 1999-இல் எழுதிய கட்டுரையில், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம் கெட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். நல்ல மனதோடு சேர்த்துவைத்ததே கேடாகிவிட்டது. இதைப் படித்த பிறகு வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை, செயற்குழுவிடம் சொன்னேன், மூன்று கூட்டம் விவாதித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

செயற்குழுவில் எழுந்த பெரிய கேள்வி, சேர்க்கைதான் ஆளைக் கெடுக்கிறதா, இல்லை கெட வேண்டும் என்று இருப்பவன்தான் அப்படிப்பட்ட சேர்க்கையைத் தேடிப்போகிறானா என்பது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிறோம், இனம் இனத்தோடு சேரும் என்றும் சொல்கிறோம். குற்றவியலிலும் இதே சண்டை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நடக்கிறது. எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், குற்றம் என்பது நெருங்கிய பழக்கத்தில் கற்றுக்கொள்வது, செய்யும் முறையை மட்டுமல்ல, ‘இதில் தப்பில்லை’ என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயத்தையும் சேர்த்தே கற்கிறார்கள் என்றார். அதே துறையில் ஆய்வு செய்த குளூயெக் தம்பதி, பையன்கள் முதலில் மாறுகிறார்கள், தோழர்களைப் பிறகு தேடிக்கொள்கிறார்கள் என்றார்கள். இரண்டும் நடக்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இளையோர் சீர்திருத்த இல்லங்களில் இருந்த 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வு இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது. திருட்டில் ஏற்கெனவே கைவைத்தவன், இல்லத்தில் திருட்டுக்காரர்களோடு இருந்தால், வெளியே வந்து திரும்பவும் திருடுவது கூடுகிறது. அந்தக் குற்றத்தையே செய்திராதவனிடம் அப்படி ஒரு தாக்கம் தெரியவில்லை. இருக்கிற நெருப்புக்குத்தான் காற்று வேலை செய்கிறது. ஒரே வகைக் கேஸில் இருந்தவர்கள் ‘ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள்’ என்று நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தோமே, அது எவ்வளவு தவறு என்று யோசியுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒரே கேஸில் மாட்டிய இரண்டு பையன்களின் அம்மாக்கள் இந்த ஆண்டு ஒரே நாளில் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவர் உள் அறையில், ஒருவர் வெளியே பெஞ்சில். ‘என் பிள்ளை தங்கம் சார், அந்தப் பையன் சகவாசம்தான் கெடுத்தது’ என்று இரண்டு பேரும் அழுதுகொண்டே சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தனியாக இருந்தால் இரண்டு பேருமே அதைச் செய்திருக்க மாட்டார்கள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2005-இல் வெளியிட்ட சோதனையில் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பதின்வயதினர் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தனியாக ஆடியவர்களைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக அந்த வயதில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே பாதி விஷயம்.

சரி, ‘அவனோடு சேராதே’ என்று சொல்லி அனுப்பினால் போதுமா? போதாது. வெளியே வந்த ஒரு தம்பி தன் போனை என்னிடம் நீட்டினார். ‘அண்ணே, இதில் யாரை அழிக்கச் சொல்கிறீர்கள்? அம்மாவையும் அக்காவையும் விட்டால் மிச்சம் எல்லாமே அவங்கதான்.’ நான் பதில் சொல்லவில்லை, என்னிடம் பதில் இல்லை. பழைய ஆட்களை விட்டு வா என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரோடு இருப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பல குடியிருப்புகளையே அழித்துவிட்டதால், விடுதலையானவர்களில் பலருக்குப் பழைய இடத்துக்குத் திரும்பவே வழியில்லாமல் போனது. வேறு பகுதிக்குப் போய்க் குடியேறியவர்கள் மறுபடி சிறைக்குப் போவது குறைவாக இருந்ததை டேவிட் கிர்க் என்ற ஆய்வாளர் காட்டினார், மூன்று ஆண்டு கழித்தும் அந்த வேறுபாடு இருந்தது. எல்லோரையும் இடம் மாற்ற நம்மால் முடியாது. மாலை நேரத்தை மாற்ற முடியும். திருமணமானவர்கள் குற்றத்திலிருந்து விலகுவதற்கு, நண்பர்களோடு சுற்றும் நேரம் குறைவதே பெரிய காரணம் என்று மார்க் வார் என்ற ஆய்வாளர் கண்டதும் இதைத்தான் சொல்கிறது.

அதனால் கூட்டத்துக்குப் பதில், ஒருவருக்கு ஒரு துணை என்று மாற்றினோம். துணையாக வருபவர் வழக்கே இல்லாதவராக இருக்கலாம், அல்லது குற்றத்தை விட்டுப் பல வருடம் ஆன பழைய ஆளாக இருக்கலாம். நேற்று வெளியே வந்தவர் மட்டும் கூடாது. அறிவுரை சொல்வது அவர் வேலை இல்லை. கூட நடப்பார், பந்து விளையாடுவார், வண்டி ரிப்பேர் கற்றுக்கொடுப்பார், போன் வந்தால் எடுப்பார். இந்த ஏற்பாட்டிலும் ஒருவர் திரும்ப உள்ளே போய்விட்டார். பழைய கூட்டாளி அவர் வாசலில் வந்து நின்ற அன்று, துணையாக இருந்தவர் வெளியூரில் இருந்தார். அந்த இடத்துக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்யாதது என் தவறு. இப்போது ஒருவருக்கு இரண்டு துணை என்று வைத்திருக்கிறோம்.

மற்றபடி செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவை பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குத் தேவை ஆட்கள்தான். வார நாட்கள் ஓரளவு நிரம்பிவிட்டன, சனி, ஞாயிறு மாலை இன்னும் காலியாகக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயரும் எந்த நாள் என்பதும் எழுதிக்கொடுங்கள்.

செயலாளர்