மாப்பிள்ளைக்கு, ஃபிரிஸ்கோவிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளை,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று செல்வம் சொன்னான். மாமாவின் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதை நீ எழுது. மற்ற விசாரிப்புகளை ஞாயிற்றுக்கிழமை போனில் வைத்துக்கொள்வோம்.

ஓடைக்காட்டை பிளாட் போடுகிறவர்களுக்குப் பேசிவிட்டாயாமே? நாலுவழிச் சாலையிலிருந்து கூப்பிடு தூரம், கேட்காமலே நல்ல விலை, அட்வான்ஸ் வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று செல்வம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். எட்டாம் வகுப்பில் அவனுடைய சைக்கிளை விற்றுக் கொடுத்த ஆள் நீ, பேரம் பேச உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதில்தான் கோபம்.

விற்காதே என்று சொல்ல நான் யார்? மக்காச்சோளத்தைப் படைப்புழு பாதி தின்கிறது, மீதியைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டுப் போகிறது. ஆள் கூலி கொடுத்துப் பருத்தி எடுத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். நீ இப்போது எடுக்கப்போகும் முடிவை இங்கே ஒரு ஊரே எடுத்து முடித்திருக்கிறது. அதுவும் நம்ம மண்ணிலேயே. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் வாங்கு.

நம்ம மண் என்றால் நிஜமாகவே நம்ம மண். டாலஸுக்கு வடக்கே 45 கிலோமீட்டரில் இருக்கிற இந்த ஃபிரிஸ்கோவும் கரிசல் பூமிதான். டெக்சாஸில் வடக்கும் தெற்குமாக நீளமாக ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது, பிளாக்லேண்ட் பிரெய்ரி என்பார்கள். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான். பருத்தி அரவை மில்லும் தானியக் கிடங்கும் வைத்துப் பிழைத்த ஊர்.

ஊர் பிறந்ததே தண்ணீரால்தான். 1902இல் ரயில் பாதை வந்தபோது நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே லெபனான் என்றொரு ஊர் இருந்தது. ஆனால் அது மேடு, தண்ணீர் தேங்காது. நாலு மைல் மேற்கே பள்ளத்தில் ஸ்டேஷனை வைத்தார்கள். லெபனான்காரர்கள் சிலர் தங்கள் வீடுகளையே கட்டைகள் மேல் உருட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். பிறகு பல வருஷம் இது சின்ன ஊர்தான். 1990இல்கூட ஆறாயிரத்துச் சொச்சம் பேர், நம்ம பக்கத்து ஒரு பஞ்சாயத்து அளவு. அப்புறம் டாலஸிலிருந்து சுங்கச்சாலை வடக்கே நீண்டது. 2000இல் பெரிய மால் திறந்தார்கள். அந்த வருஷம் 33,714 பேர். 2010இல் 1,16,989. 2020இல் 2,00,509. முப்பது வருஷத்தில் முப்பது மடங்குக்கு மேல்.

இங்கே நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதையும் கேள். மாலுக்குப் பக்கத்திலேயே மாடு மேய்வதைப் பார்த்து, வந்த புதிதில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நிலத்தை வாங்கிப் போட்டவர்கள் கட்டிடம் எழுப்புகிற வரைக்கும் மாடு விடுவார்கள், அல்லது புல் வெட்டி உருளை கட்டி வைப்பார்கள். விவசாய நிலம் என்றால் வரி குறைவு. ஒரு நாள் அந்த மாடுகள் இருக்காது. முளைக்குச்சியில் இளஞ்சிவப்பு நாடா கட்டி வரிசையாக அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே சோளம் நின்ற நிலத்தில் இப்போது அதுதான் நடக்கிறது. மேல் மண்ணை வழித்துக் குவித்துவிட்டார்கள். ரோடு வருகிற இடத்தில் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி உழுது, திரும்ப உருளை விட்டு அமுக்குகிறார்கள். கரிசல் உப்பாமலும் சுருங்காமலும் இருக்க வேண்டுமாம், அதற்காக மண்ணின் குணத்தையே மாற்றுகிறார்கள். மாலையில் அதன் ஓரமாக நடந்துபோனால் வெள்ளை பூத்த மண் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. எடுத்து நசுக்கிப் பார்த்தேன், பொலபொலவென்று உதிர்கிறது. கரிசல் அப்படி உதிருமா? மறுபடி அதில் ஒரு விதை போட முடியாது என்பது கையில் எடுத்தவுடன் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை.

அவ்வளவு செய்தும் மண் சும்மா இருப்பதில்லை. ஆகஸ்ட் வந்தால் எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்து அறைக்கதவு சாத்த வராது. நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். வெளியே போய்ப் பார்த்தால் வீட்டின் தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல்கள் நுழைகிற இடைவெளி. உடனே வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறோம். செடிக்கு இல்லை, வீட்டுக்கு! அடிமண் ஒரே சீராக ஈரமாக இருந்தால்தான் அஸ்திவாரம் அசையாது. அடுத்த வீட்டுக்காரர் இரண்டு கோடை கவனிக்காமல் விட்டார். கடைசியில் ஓரமெல்லாம் குழி தோண்டி, இரும்புக் குழாய்களை ஆழமாக இறக்கி, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. மானாவாரிக் காட்டில் புரட்டாசி மழைக்கு வானத்தைப் பார்த்து நின்ற நான், இங்கே வீடு வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊர் பெருக்கப் பெருக்க ஏரி போதவில்லை. வடகிழக்கே ஃபானின் கவுண்டியில் போ டார்க் என்ற புது ஏரியை வெட்டி, 2023இலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பதினாறாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் நீருக்குள் போனது. எங்கள் புல்வெளிக்கும் அஸ்திவாரத்துக்கும் அங்கே யாரோ மேய்ச்சல் காட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரித் தண்ணீர் வருகிறதே, அதற்காக நம் அம்மாக்கள் குடத்தோடு நின்றது உனக்கு மறந்திருக்காது. உன் காட்டில் இருநூறு பிளாட் விழுந்தால் அந்த வீடுகளுக்கு எந்தத் தண்ணீர் என்று புரோக்கர் சொன்னாரா?

இந்த ஊரை நான் குறை மட்டும் சொல்லவில்லை. ராக்கெட் கம்பெனி ஒன்று விட்டுப்போன கட்டிடத்தை 2023இல் நூலகமாக்கினார்கள், உள்ளே நுழைந்தால் டைனோசர் எலும்புக்கூட்டின் மாதிரி ஒன்று நிற்கிறது. என் சின்னவள் அங்கேதான் வாசிக்கக் கற்றாள். 1964இல் ஊர் ஏழையாக இருந்தபோது பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற ஆலை வந்தது. ஊர் வசதியான பிறகு, மக்கள் விடாமல் கேட்டு, 2012இல் அதை மூட வைத்தார்கள். மண்ணைச் சுத்தம் செய்கிற வேலை அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக நீண்டது. ஆனாலும் காசும் படிப்பும் உள்ள ஊரால் அதைச் செய்ய முடிந்தது, அதை நான் மதிக்கிறேன். அனுமார் கோயில் இருக்கிறது. வேலை இருக்கிறது. என் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் இதுதான், அவர்களிடம் இதைப் பழித்துப் பேச மாட்டேன்.

என்னை உலுக்கியது பள்ளிக்கூட விஷயம்தான். 2003 வரை இங்கே ஒரே உயர்நிலைப் பள்ளி. 2022இல் பன்னிரண்டாவது திறந்தார்கள். புதுப் பள்ளி திறக்காத வருஷம் அபூர்வம், அதை நம்பித்தான் எல்லாரும் வீடு வாங்கினோம். இப்போது பிள்ளைகளின் எண்ணிக்கை இறங்குகிறது. ஊரின் பழைய பகுதியில் இருந்த நடுநிலைப் பள்ளி ஒன்றை 2025இல் மூடிவிட்டார்கள். முதலில் வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டார்கள், பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற தம்பதிக்கு இங்கே வீடு கட்டுப்படியாகாது. அவர்கள் இன்னும் வடக்கே, செலைனாவுக்குப் போகிறார்கள். 2023இல் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த ஊர் அதுதான். அங்கேயும் கரிசல், அங்கேயும் முளைக்குச்சி. எங்களுக்குப் பள்ளியை மூடிக்கொண்டே அங்கே புதுப் பள்ளி கட்டுகிறார்கள். ஒரு தலைமுறைகூட முழுசாகத் தாங்காத ஊருக்காகவா இவ்வளவு நல்ல மண்ணை அழித்தோம் என்று நினைத்தால் தூக்கம் போகிறது.

அதனால் கேட்கிறேன். முழுக் காட்டையும் எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? ரோட்டை ஒட்டின துண்டை மட்டும் கொடுத்தால் கடன் அடையாதா? பெரியவள் காலேஜ் செலவு என்றால் என்னிடம் வாய் திறந்து கேள். கூச்சப்பட்டால் உன்னோடு பேசவே மாட்டேன். முழுசாக விற்பது என்று மாமாவும் நீயும் முடிவு செய்தாலும் சரி, ஓடையை அளந்து தனியாகப் பிரித்து வை. ஆக்கிரமிக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல். ஐப்பசி மழைக்கு அந்தத் தண்ணீர் கீழே கண்மாய்க்குப் போக வேறு வழி கிடையாது. மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால் கீழக்காடு நாலு வீட்டுக்காரர்களும் உன் வாசலில்தான் வந்து நிற்பார்கள், அதில் உன் சித்தப்பா முதல் ஆளாக நிற்பார். வீடு வாங்க வருகிறவர்கள் அஸ்திவாரத்தை எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும் என்று விசாரித்தால் உண்மையைச் சொல்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதுவரைக்கும் அட்வான்ஸில் கை வைக்காதே. புரோக்கர் அவசரப்படுத்தினால் மச்சான் அமெரிக்காவிலிருந்து வருகிறான், அவன் வந்துதான் பேசுவான் என்று சொல்லிவிடு. தங்கச்சிக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்