மூன்று வயருக்கு ஏன் ஒன்றரை நாள்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டர்போ காரில் 3 பார் பூஸ்ட் சென்சார் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை 3 பார் வரை அளக்கும் கருவி) போட வருகிறவர்கள் பில்லைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "மூணே மூணு வயர், அதுக்கு ஒன்றரை நாளா?" நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறோம்.

வயர் மூன்றுதான். ஈசியூவிலிருந்து (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகும் 5 வோல்ட், அதன் எர்த், அழுத்தத்துக்கேற்ப ஏறி இறங்கும் சிக்னல். இதில் வம்பு பண்ணுவது எர்த். பக்கத்தில் இருக்கும் பாடி போல்ட்டில் முறுக்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அப்படி வேறெங்கோ செய்த ஒரு வண்டி எங்களிடம் வந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் போதும், பூஸ்ட் ரீடிங் 6 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்) எகிறும். நாங்கள் போடும் வகை சென்சாரில் ஒரு வோல்ட் என்பது ஏறக்குறைய 63 கிலோபாஸ்கல், எர்த்தில் 0.1 வோல்ட் நகர்ந்தாலே கணக்கு தப்பிவிடும். அதனால்தான் டாஷ்போர்டைக் கழற்றி, ஈசியூவின் சென்சார் எர்த் பின் வரை வயரைக் கொண்டுபோகிறோம். நேரமெல்லாம் இங்கேதான் போகிறது.

5 வோல்ட்டிலும் கவனம் வேண்டும். பல வண்டிகளில் த்ராட்டில் சென்சாருக்கும் அதே லைன்தான். தோல் உரிந்து அது பாடியில் பட்டால், பூஸ்ட் ரீடிங்கோடு சேர்ந்து ஆக்ஸிலரேட்டரும் படுத்துவிடும். சிக்னல் வயரை இக்னிஷன் காயில் பக்கம் விடுவதில்லை. இணைப்புக்கு ஈயமும் வைப்பதில்லை: ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். கிரிம்ப் செய்து (சிறு உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி), பசையுள்ள ஸ்லீவ் போட்டுச் சுருக்குகிறோம்.

அப்புறம், ஈசியூவுக்குப் புது சென்சாரின் அளவை, அதாவது எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லித்தர வேண்டும். 2 பார் சென்சாரை எடுத்துவிட்டு 3 பார் மாட்டினால், அதே அழுத்தத்துக்கு வோல்டேஜ் குறைவாகத்தான் வரும். காற்று கம்மி என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். முழு பூஸ்டில் அப்படி ஓட்டினால் பிஸ்டன் உருகிப்போகலாம். இதைச் சரிசெய்யாமல் சாவியைக் கையில் தரமாட்டோம், எவ்வளவு அவசரம் என்றாலும் சரி.

கடைசியாக, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பார்ப்போம். அப்போது சென்சார் ஊர்க்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவையில் அது 96, 97 கிலோபாஸ்கல். அதே வண்டி ஊட்டியில் 77 பக்கம் காட்டும். சென்சார் போய்விட்டது என்று அங்கிருந்து போன் போட வேண்டாம்!

சென்சாரை நீங்களே வாங்கி வருவதானால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். பார்ட் நம்பர் இருந்தால்தான் அதன் அளவை எங்களால் தேடி எடுக்க முடியும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து