சேகருக்கு: ஸ்பைரோமீட்டரை வாங்கிவிடு

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறோம்.

கிளினிக்குக்கு ஸ்பைரோமீட்டர், அதான் ஊத வைத்து மூச்சை அளக்கும் மெஷின், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தயங்காமல் வாங்கு.

சமீபத்தில் ஒன்பது வயசுப் பையன் ஒருவன் வந்தான். தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு. அக்காவின் மஜ்ஜையை ஏற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மட்டும் இளைக்கிறது. ஆஸ்துமா என்று ஊரில் இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ஸ்டெத்தில் வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை, ஆக்சிஜன் 98, எக்ஸ்ரே சுத்தம். திரையில் மெழுகுவத்தியைக் காட்டி, "ஊது, விடாதே, இன்னும், இன்னும்" என்று டெக்னீஷியன் கூடவே கத்த, முகம் சிவக்க ஊதினான். எஃப்.இ.வி.1 என்பது பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று. மஜ்ஜை மாற்றுக்கு முன், இருக்க வேண்டிய அளவில் 94 சதவீதம் இருந்தது இப்போது 61. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னோம், எண் அசையவில்லை. சி.டி.யை மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தடவை, முழுக்க விட்ட பிறகு ஒரு தடவை எடுத்தோம். முதல் படத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை. இரண்டாவதில் திட்டுத் திட்டாகக் கறுப்பு, காற்று வெளியே வராமல் சிக்கிய இடங்கள்.

பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ்தான். தானமாக வந்த செல்கள் தாக்கி, நுனி மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டுவிடுகின்றன. அடைந்தது பெரும்பாலும் திறப்பதில்லை. மேற்கொண்டு இறங்காமல் பிடித்து வைப்பதற்குத்தான் மருந்து. 80-லேயே பிடித்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் தொற்று இல்லை என்று உறுதியாகாமல் இந்தப் பெயரை வைக்கக் கூடாது. வைரஸ், பூஞ்சை, நம் ஊரில் டி.பி.யும். பிராங்கோஸ்கோப்பியில் நுரையீரலைக் கழுவிய நீரில் எல்லாம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. உள்ளே ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருப்பது தெரியாமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைக் கூட்டினால் பிள்ளையைக் காப்பாற்றுவதே கஷ்டம். ஃப்ளூட்டிகசோன், அசித்ரோமைசின், மாண்டெலுகாஸ்ட் மூன்றோடு கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் தொடங்கியிருக்கிறோம். போன வாரம் 62.

மாற்று முடிந்து உன் பக்கம் திரும்பும் பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊத வைத்துக் குறித்து வை. இருமல் இல்லாவிட்டாலும் சரி. தோலிலோ வாயிலோ ஜி.வி.ஹெச்.டி., அதாவது தானச் செல்களின் தாக்குதல், இருந்தால் இன்னும் அடிக்கடி. இரண்டு வருஷத்துக்குள் பத்து சதவீதமாவது இறங்கி 75-க்குக் கீழே போவது இந்த நோய்க்கு அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். 2014-ல் தந்த வரையறையில் ஒரு நிபந்தனை. அதுவரை காத்திருக்காதே. பத்து இறங்கியதுமே எனக்குப் போன் பண்ணு. ஐந்து வயசுக்குக் கீழே சரியாக ஊத வராது, அவர்களை இங்கே அனுப்பு. ஆசிலோமெட்ரி என்ற சோதனைக்குச் சும்மா மூச்சு விட்டாலே போதும். மாற்று முடிந்த முதல் சில மாதங்களில் காய்ச்சலோடு இளைப்பு வந்தால் அது வேறு கதை, அன்றைக்கே அனுப்பிவிடு.

மெஷின் வாங்கும்போது குழந்தைகளுக்கான அனிமேஷன் உள்ளதாகப் பார். கூடவே 3 லிட்டர் சிரிஞ்சும் கேட்டு வாங்கு, மெஷின் சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் அதை வைத்துக் காலிபிரேட் செய்ய வேண்டும்.

அன்புடன்,
ராமநாதன்