அவர் பெயர் முதலில்

அன்புள்ள முரளிக்கு,

நீ போன் பண்ணியதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. டைரக்டரைத் தூக்கிவிட்டு, எடிட்டிங்கில் இருக்கிற உன்னையே மீதிப் படத்தை எடுக்கச் சொல்கிறார்கள். "இது துரோகம் இல்லையாப்பா?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை.

ராபர்ட் வைஸ் என்று ஒரு அமெரிக்க டைரக்டர். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர் என்றால் உனக்குத் தெரியும். 1933இல் பணக் கஷ்டத்தில் காலேஜை விட்டுவிட்டு, அண்ணன் வேலை பார்த்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் பிலிம் டப்பா தூக்கப் போனவர். அப்புறம் சவுண்ட், அப்புறம் எடிட்டிங். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அவர் வெட்டிக் கோத்ததுதான்.

வெல்ஸின் அடுத்த படம் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்'. 1942இல் வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது பொமோனா என்ற அமெரிக்க ஊரில் ரிலீஸுக்கு முன்னாலேயே ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். கம்பெனி பயந்துபோனது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த படம் 88 நிமிஷமாகச் சுருங்கியது. முடிவையும் மாற்றி எடுத்து ஒட்டினார்கள். கத்தரி வைஸ் கையில். படத்தைக் காப்பாற்றத்தான் வெட்டினோம் என்று பின்னாளில் சொன்னார். நான் முழுசாக நம்பவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஆள் போகணும் என்று தியேட்டர் ஓனர் சொன்னதற்காக இரண்டாம் ஆட்டத்தில் பாட்டை வெட்டிய ஆபரேட்டர் நான். பிளேடால் பிலிம் மேலிருக்கும் மருந்தைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமென்ட் தடவி, விரலால் அழுத்திப் பிடிப்பேன். ஒட்டின இடம் வரும்போது திரையில் படம் ஒரு துள்ளு துள்ளும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

அடுத்த வருஷமே வைஸுக்கு உன் நிலைமை. 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' ஷெட்யூல் தாண்டி இழுத்ததால், டைரக்டர் குந்தர் வான் ஃபிரிட்ஷை எடுத்துவிட்டு எடிட்டரான இவரை உட்கார வைத்தார்கள். அதுதான் ஆரம்பம். ஆஸ்கரெல்லாம் அப்புறம் வந்தது. எனக்குப் பிடித்தது 1949இல் வந்த குத்துச்சண்டைப் படம், 'தி செட்-அப்'. 72 நிமிஷப் படம். கதை நடப்பதும் அந்த 72 நிமிஷம்தான். வெட்டத் தெரிந்தவன் எடுத்த படம்.

அந்தப் பூனைப் படத்தின் டைட்டிலைத் தேடிப் பார். இரண்டு பேர் பெயரும் இருக்கும், ஃபிரிட்ஷ் பெயர் முதலில்.

வேலையை ஒத்துக்கொள். ஆனால் ஷூட்டிங்குக்கு முன்னால் அந்த மனுஷனுக்கு நீயே போன் போடு. கம்பெனி ஆள் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. டைட்டில் விஷயத்தை இப்போதே பேசி எழுதி வாங்கிவிடு.

அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.

அப்பா