ஞாயிறு பட்டறை: பழைய அரம் கொண்டு வாருங்கள்

வணக்கம் மக்களே. ஞாயிறு காலை 8 மணிக்கு செங்கோட்டைப் பட்டறையில் கூடுகிறோம். புனலூர், ஆரியங்காவு சேட்டன்மார் கொஞ்சம் முன்னதாகவே பஸ் ஏறிவிடுங்கள்.

இந்த முறை அடிக்கப்போவது கத்தி இல்லை, சக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கும் இரும்பு. லாரிப் பட்டையை (ஸ்பிரிங் தகடு) தூக்கி வராதீர்கள். கத்திக்கு அது அருமை. ஆனால் கார்பன் 0.6 சதவீதம் போலத்தான், பொறி சோம்பலாக வரும். தேய்ந்த நல்ல அரத்தில் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மேல்தோல் மட்டும் கடினமான மலிவு அரம் உதவாது.

காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் (770 டிகிரி வாக்கில்) இன்னும் சற்றுக் காய்ச்சி எண்ணெயில் முக்குவோம். தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம். கத்தி என்றால் அப்புறம் 200 டிகிரியில் டெம்பர் இறக்குவோம், அதாவது மறுபடி லேசாகச் சூடாக்கி விறைப்பைத் தணிப்போம். இதில் தட்டும் விளிம்பு விறைப்பாகவே இருக்கட்டும். கல் சீவிய இரும்புத் துகள் காற்றில் எரிவதுதான் பொறி.

பொறியைப் பிடிக்கக் கருக்கிய துணி வேண்டும். பழைய பருத்தி வேட்டி போதும், பாலியஸ்டர் கலந்தது உருகிவிடும். சாரல் காலம், கருக்கிய துணி வைக்கும் டப்பாவை ஈரம் ஏறாமல் இறுக்கி மூடுங்கள்.

வீட்டு, விவசாய வேலைக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளுக்குள் வரும். அதை வைத்துக்கொண்டு தமிழக-கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், இரண்டு மாநிலத்திலும் குற்றம்.

கண்ணாடி, ஷூ, பருத்திச் சட்டை கட்டாயம். மதியச் சாப்பாடு வேண்டுவோர் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.