மண்ணெண்ணெய் விலையை ஏற்றுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய் விலை ஏறும் காலத்தில் எரிபொருள் மானியத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்ற கட்டுரையை வாசித்தேன். காருக்கு அடிக்கும் பெற்றோலுக்கு மானியம் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நான் கேட்பது மண்ணெண்ணெய் பற்றி. மன்னார்க் கரையில் பிறந்தவள் நான். அண்ணன் இன்றைக்கும் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறார்.

இலங்கையில் 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு, 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் அந்த எண்ணெயில்தான் ஓடுகின்றன. ஒருமுறை கடலுக்குப் போய்வர 25 லீற்றர் என்று வைத்தால், 2,175 ரூபாச் செலவு 8,500 ரூபாவாகிவிட்டது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான். அண்ணன் பல நாள் படகைக் கரையில் இழுத்து வைத்திருந்தார்.

அரசு சொன்ன காரணம் பொய்யல்ல. டீசல் 430 ரூபா விற்கையில் மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்குக் கிடைத்தால் டீசலோடு கலப்பார்கள், தொழிற்சாலைகளும் வாங்கும். சரி, விலையை ஏற்றத்தான் வேண்டும். ஆனால், இல்லாதவர் கையில் காசு வந்த பிறகல்லவா ஏற்ற வேண்டும்? ஏழைக் குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியதே 2023இல்தான். அந்த இடைவெளியில்தான் அண்ணி தன் காப்புகளை அடகு வைத்தார்.

2010 டிசம்பரில் ஈரான் எரிபொருள் மானியத்தை வெட்டியபோது, விலை ஏறுமுன்பே வீட்டுக் கணக்குகளில் பணத்தைப் போட்டுவிட்டது. பிறகு ஆளுக்கு மாதம் 455,000 ரியால் என்று கொடுத்தது. நாளடைவில் பணவீக்கம் அதன் பெறுமதியைத் தின்றுவிட்டது. அதனால்தான், கொடுக்கும் தொகையும் விலையோடு சேர்ந்து ஏற வேண்டும் என்கிறேன்.

எங்கள் நாட்டால் முடியாத காரியமல்ல இது. 2022 ஜூலையில் கியூஆர் முறையைக் கொண்டுவந்து, வாகனத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். படகுகளுக்கும் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு இலக்கம் இருக்கிறது. பதிவான சிறு படகுக்கு மாதம் இத்தனை லீற்றர் குறைந்த விலையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை முழு விலைக்கு விற்கட்டும். மண்ணெண்ணெயில் சமைக்கும் மலையகத் தேயிலைத் தோட்ட லயன் வீட்டுக் குடும்பங்களுக்குக் காசாகவே கொடுக்கலாம். அடுத்த விலையேற்ற அறிவிப்பு வருமுன் இந்தப் படகுகள், குடும்பங்களின் பட்டியல்கள் தயாராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்.