சென்னை டிப்போவில் பேரெழுதிய ஐயாவுக்கு

ஐயா,

உங்கள் கையெழுத்தை நான் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவசரத்தில் எழுதினால் உங்கள் எழுத்து வலப்பக்கம் சாயும். பக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது மை வெளுத்து, அடுத்த பக்கத்தின் முதல் வரியில் மறுபடி கறுக்கும். இவ்வளவு தெரிந்தும் உங்கள் பெயர் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அந்த டிப்போவிலிருந்து கப்பல் ஏறின அத்தனை பேரின் பெயரையும் நீங்கள் எழுதினீர்கள். உங்கள் பெயரை எழுத அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

நான் போளூர்ப் பக்கத்துக்காரன். உங்கள் காலத்தில் அது வடஆர்க்காடு ஜில்லா. 1890களின் இறுதியில் ஒரு நாள் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உங்கள் மேஜைக்கு முன்னால் நின்றாள். என் தாத்தாவுக்கு அவள் அத்தை. வீட்டில் அவளைக் ‘கப்பலேறின அத்தை’ என்றுதான் சொல்வார்கள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரோடு எங்கள் குடும்பத்தில் இப்போதும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

அவளைப் பற்றி எனக்குச் சொன்னது என் ஆயா. ஆயா அவளைப் பார்த்ததில்லை. ஆயாவின் மாமனார்தான் அவளுடைய தம்பி, என் கொள்ளுத்தாத்தா. வயதான காலத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். கரும்பு வெட்டு முடிந்து வெல்லம் காய்ச்சும் சமயம். அவர்கள் அப்பா வேறொருவர் ஆலையில் கூலி. பெரிய கொப்பரையில் பாகு கொதிக்கிறது. நாலைந்து வயதுப் பையன் இவர், விளையாட்டு வேகத்தில் அடுப்பைப் பார்த்து ஓடியிருக்கிறார். அக்கா ஒரே எட்டில் வந்து இவரை இழுத்துப் போட்டாள். பாகு அவள் வலது முன்கையில் தெறித்தது. வெந்த தோல் சுருங்கி, முழங்கைக்குக் கீழே ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தழும்பாக நின்றுவிட்டது. ‘என் மேல விழ வேண்டியதை அவ வாங்கிக்கிட்டா’ என்பாராம். அவள் ஏன் போனாள் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாராம்.

இந்தக் கதை எனக்குப் பத்து வயதில் காதில் விழுந்தது. நாற்பது வருஷம் கழித்துத்தான் அதற்கு விலை தெரிந்தது.

ஐயா, உங்கள் பட்டியல்கள் என்ன ஆயின என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. அதில் தொடங்கி 1911-ல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு உங்கள் துறைமுகத்து ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு வரி. அந்தப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பல வருஷம் உழைத்து வரிவரியாகக் கணினியில் ஏற்றினார்கள். அதனால்தான் போளூர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் தேட முடிந்தது.

முதலில் பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. நீங்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. ழ, ள, ல மூன்றும் ஒரே எழுத்தில் போய் விழுந்தன. அவள் சொன்னது உங்கள் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கும். பேனா வேறு பாஷை பேசியது. முதலி மூட்லியானதும் கவுண்டர் கோவென்டரானதும் இதே போலத்தான். டர்பன் தெருக்களில் அந்தப் பெயர்கள் இன்றைக்கும் அப்படியே குடும்பப் பெயராக நிற்கின்றன.

அப்புறம் ஊரைத் தேடினேன். ஊர்ப் பெயரின் வாலில் ‘பாக்கம்’ மட்டும் பிழைத்திருந்தது. தலை எங்கோ போய்விட்டது. போளூர் தாலுக்கா என்று இருந்த பெண்களை எல்லாம் தனியாக எடுத்து எழுதிக்கொண்டேன். இரவில் வேலை முடிந்து வந்து ஒரு வரி, இரண்டு வரி என்று பார்ப்பேன். ஒவ்வொருத்தியும் யாரோ ஒருவருக்கு அத்தைதானே என்ற எண்ணம் வரும்போது வேகமாகப் புரட்ட மனம் வராது.

கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது அப்பா பெயர்க் கட்டம். எங்கள் வீட்டில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் அவள் அப்பாவின் பெயர்தான் என் தாத்தாவின் பெயர். பத்திரங்களில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெயரை நீங்கள் எப்படிச் சிதைத்திருந்தாலும் எனக்குத் தெரியும். பெயர் இருந்தது. வயது 20. உயரம் 60 அங்குலம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். அடுத்த கட்டத்துக்குப் போனேன். உடல் அடையாளம். வலது முன்கையில் தழும்பு.

நான் எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தக் கட்டம் எதற்காக இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளை அடையாளம் கண்டு பிடிக்க வேண்டும். மச்சம், அம்மை வடு, வெட்டுக்காயம், பச்சை குத்தியது எல்லாம் அதற்காகத்தான் எழுதப்பட்டன. இதை நினைத்து உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு. அவள் கையைத் திருப்பிப் பார்த்தீர்களே, எப்படிச் சுட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன். ஆனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நூறு பேர் நின்றிருப்பார்கள். நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினீர்கள். ‘அடையாளம் ஏதுமில்லை’ என்று எழுதித் தள்ளியிருந்தால் கேட்க ஆள் இல்லை. உங்கள் அந்த ஒரு நிமிஷப் பொறுப்பால்தான் நூறு வருஷத்துக்கு மேல் தொலைந்து கிடந்தவள் கிடைத்தாள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐயா, அவளுக்குக் கீழே இருந்த வரியையும் நீங்கள்தான் எழுதினீர்கள். பெண் குழந்தை, வயது 2. உடல் அடையாளம் ஏதுமில்லை.

எங்கள் வீட்டுக் கதையில் குழந்தையே கிடையாது. அவள் தனியாகப் போனாள் என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். அல்லது குழந்தையைச் சொல்லாமல் விட்டார்கள். கொள்ளுத்தாத்தா ஏன் எழுந்து போனார் என்பது எனக்கு அந்த வரியைப் பார்த்த பிறகு கொஞ்சம் பிடிபட்டது. கூடப் புருஷன் இல்லாமல், கையில் பிள்ளையோடு ஒரு பெண் கப்பல் ஏறுகிறாள் என்றால் ஊரில் அவளுக்கு நிற்க இடம் இருந்திருக்காது. ஆள்பிடிக்க வந்தவனுக்கோ பெண்கள் தேவை. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்ற கணக்கு உங்கள் ஆபீசில்தானே நடந்தது. விருப்பத்தோடுதான் போகிறாயா என்று அதிகாரி கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்டிருப்பார். அவளும் தலையை ஆட்டியிருப்பாள்.

பட்டியலின் வலது ஓரத்தில் உங்கள் கை நின்று வேறொரு கை தொடங்குகிறது. எழுத்து நிமிர்ந்து, நெருக்கி இருக்கிறது. டர்பனில் இறங்கிய பிறகு அங்குள்ள குமாஸ்தா எழுதியது. எந்தத் துரையின் தோட்டத்துக்கு அனுப்பினோம் என்ற கட்டம். அம்மாவும் பிள்ளையும் வடக்குக் கடற்கரையில், ஸ்டாங்கர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். கரும்பு அவளுக்குப் புதிதில்லை. அதுவரை அவள் பார்த்த கரும்புக்கு ஒரு கரை, ஒரு வரப்பு இருந்தது. அங்கே அது மலைச்சரிவு முழுக்கப் படர்ந்து கடல்வரை இறங்கும்.

சம்பளக் கணக்கைச் சொல்கிறேன், நீங்கள் கணக்கெழுதுகிறவர், உங்களுக்குப் புரியும். ஆண்களுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்களுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் போடாமல் சுதந்திரமாக இருக்க நினைத்தால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அவளுடைய முதல் வருஷத்தின் பன்னிரண்டு மாதச் சம்பளமும் சரியாக 60 ஷில்லிங். 1903-ல் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஆண்பிள்ளைக்கு 16 வயதானால் வரி, பெண்பிள்ளைக்கு 13 ஆனாலே வரி. வயதுக்கு வந்த மகளைப் பார்த்து மற்ற தாய்கள் என்னவெல்லாமோ கவலைப்படுவார்கள். இவள் இன்னொரு 3 பவுண்டுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டிருப்பாள்.

ஐந்து வருஷம் முடிந்ததும் அவள் மறுபடி ஒப்பந்தம் போட்டாள். முடிந்ததும் இன்னொரு முறை. முன்பெல்லாம் இது எனக்குப் புரியாது. திரும்பி வந்திருக்கலாமே, தம்பி இருந்தானே என்று மனம் கேட்கும். அந்த வரிக்கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

1913-ல் முதலில் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். பிறகு கரும்புத் தோட்டத்து ஆட்களும் கத்தியைக் கீழே போட்டார்கள். காந்தி நடத்திய போராட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மாதம் 10 ஷில்லிங் வாங்கியவர்கள்தான் அதில் அடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்கள். அடுத்த வருஷம் அந்த வரி ஒழிந்தது. அதன் பிறகு அவள் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. ஸ்டாங்கர் அருகில் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்துக் காய்கறி போட்டு விற்றிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். அந்த இரண்டு வயதுக் குழந்தையின் மகன் வயிற்றுப் பேத்தி. முறை போட்டுப் பார்த்ததில் எனக்கு அக்காதான் ஆகிறார். டர்பனில் இதே பட்டியல்களைத் தேடித் திரிந்த ஒருவர் எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தார். அக்காவிடம் எண் இருந்தது. கல்யாணப் பதிவிலும் பழைய காகிதங்களிலும் அந்த ஐந்து இலக்க எண் பெயரை விடப் பத்திரமாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊர்தான் இல்லை. நீங்கள் எழுதியதை அவரால் எந்த ஊராகவும் படிக்க முடியவில்லை. என்னிடம் ஊர் இருந்தது, எண் இல்லை.

அக்காவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சிலும் நாலைந்து வார்த்தைதான். ஆனால் பாட்டியை ‘ஆயா’ என்கிறார். எங்கள் பக்கத்திலும் பாட்டிக்கு அந்தச் சொல்தான். வடஆர்க்காட்டுச் சொல் கடல் தாண்டி நாலு தலைமுறையாக மாறாமல் இருக்கிறது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கு அங்கே ஆங்கிலத்தில் ‘பாரிஜ் பிரேயர்’ என்று பெயர். போன ஆடியில் அவர் வீட்டு அண்டாவையும் எங்கள் தெருக் கோயில் அண்டாவையும் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். வேப்பிலை சொருகிய விதம்கூட ஒன்றுதான்.

அக்காவிடம் வெல்லப் பாகுக் கதையைச் சொன்னேன். அவர்களுக்கு அது தெரியாது. கையில் தழும்பு இருந்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் யாரோ அடித்ததால் வந்தது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார்கள். தம்பியைக் காப்பாற்றியதால் வந்தது என்றதும் அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

உங்கள் பேரேட்டில் இனி யாரும் கை வைக்க முடியாது. அதனால் திருத்தங்களை உங்களுக்கே எழுதுகிறேன், ஐயா.

வயது 20 என்று போட்டிருக்கிறீர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் அவள் நடக்கிற பிள்ளை என்று கொள்ளுத்தாத்தா சொல்லியிருக்கிறார். அது 1876. ஆகவே 23-க்குக் குறையாது.

வலது முன்கைத் தழும்பு, வெல்லப் பாகு தெறித்தது.

குழந்தைக்கு அடையாளம் ஏதுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்திருப்பாள், நீங்கள் பார்த்திருக்க முடியாது. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த ஆயாவுக்குத் தினமும் தலைவாரிப் பின்னிவிடுவாராம். இடது காதுக்குப் பின்னால், மிளகளவு ஒரு மச்சம்.